குமிழி விடாமலும் காற்றூட்டலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

துரைப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சங்கத்தின் சார்பில் நான்தான் கவனித்துக்கொள்கிறேன். பொது மீட்டரின் கரண்ட் பில் வரும்போதெல்லாம் ஒரே பேச்சு, தொட்டிக்குக் காற்று ஊதும் புளோயரை ராத்திரியில் நிறுத்தினால் என்ன என்று. நிறுத்தியும் பார்த்தோம். நாலே நாளில் கார் நிறுத்தும் தளத்தில் நிற்க முடியாத நாற்றம். கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டினால் வேறென்ன ஆகும்?

புளோயர் தொட்டியின் அடியில் காற்றை ஊதுகிறது, அது குமிழியாக மேலே வந்து உடையும் சில விநாடிகளுக்குள் ஆக்சிஜன் கரைந்தாக வேண்டும், ஆனால் பெரும்பகுதி கரையாமலேயே வெளியே போய்விடுகிறது. நம் வெயிலில் இன்னும் சிரமம்: 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் 7.5தான். கழிவுநீரில் இருக்கும் அமோனியாவையும் பாக்டீரியாதான் நைட்ரேட்டாக மாற்ற வேண்டும்; அதில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனுக்கோ நாலரை கிராம் ஆக்சிஜன் தேவை. பெரிய நிலையங்களிலும் மின்செலவில் ஏறக்குறைய பாதி இந்தக் காற்றுக்கே போகிறது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, நம் ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை. வாயுவை மட்டும் ஊடுருவ விடும் சவ்வு. சவ்வு என்றதும் ஆர்.ஓ. ஞாபகம்தான் வரும், ஆனால் இதில் தண்ணீர் சவ்வு வழியே போவதே இல்லை. நூல் போன்ற நுண்குழாய்களுக்குள்ளே காற்று, வெளியே கழிவுநீர். குழாயின் சுவர் வழியாகவே ஆக்சிஜன் கசிந்து, அதன் மேல் படலமாக ஒட்டி வளரும் பாக்டீரியாவுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. கொரோனா காலத்தில் நாம் கேள்விப்பட்ட எக்மோ கருவியில் ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏறுவதும் இந்த மாதிரி நுண்குழாய்கள் வழியாகத்தான். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்னவென்றால், படலத்தின் உட்புறம் ஆக்சிஜன் இருப்பதால் அங்கே அமோனியா நைட்ரேட்டாகிறது, வெளிப்புறத்துக்கு ஆக்சிஜன் எட்டாததால் அந்த நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகி வெளியேறுகிறது. ரெண்டு தொட்டி செய்யும் வேலை ஒரே படலத்தில் நடந்துவிடுகிறது!

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் யார்க்வில்-பிரிஸ்டல் நிலையத்தில் இந்த நுண்குழாய்க் கட்டுகளை ஏற்கெனவே இருந்த தொட்டிக்குள்ளேயே இறக்கினார்கள். புதுத் தொட்டி கட்ட இடமில்லாத சென்னைக்கு இதுதான் முக்கியம். சரி, சிக்கலே இல்லையா என்றால், இருக்கிறது. தலைமுடியும் துணி நூலும் சிக்கினால் குழாய்கள் கெட்டுப்போகும், அதனால் முன்னால் உள்ள சல்லடை நன்றாக இருக்க வேண்டும், படலம் தடித்துப்போனால் அவ்வப்போது உதிர்த்துவிட வேண்டும், விலையும் அதிகம். பழைய புளோயரை முழுசாகக் கழற்றிப் போடவும் முடியாது.

சென்னைக் குடிநீர் வாரியத்திடம் நான் கேட்பது இதுதான். பெருங்குடியிலோ நெசப்பாக்கத்திலோ உள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரே ஒரு தொட்டியில் இதைப் பொருத்தி, கோடையும் மழைக்காலமும் சேர்த்து ஒரு முழு வருடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். எத்தனை யூனிட் செலவானது, வெளியேறும் நீரில் எவ்வளவு அமோனியா இருந்தது என்ற கணக்கை, பழைய முறையிலேயே ஓடும் பக்கத்துத் தொட்டியின் கணக்கோடு சேர்த்து, மாதாமாதம் தமிழில் வெளியிட வேண்டும். அதைப் பார்த்துத்தான் எங்களைப் போன்ற குடியிருப்புகளும் முடிவெடுக்க முடியும்.

இப்படிக்கு,
துரைப்பாக்கம் வாசகர்