தோல் தொழிற்சாலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பணியிடப் பயிற்றுநர் வேண்டி மனு

அனுப்புநர்:
மாற்றுத்திறனாளிகளின் பெற்றோர், தொழிற்பயிற்றுநர்கள்,
பேரணாம்பட்டு, குடியாத்தம் வட்டங்கள்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
வேலூர் மாவட்டம்.

பொருள்: முகாம்களில் தேர்வாகும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பணியிடத்திலேயே பயிற்றுநர் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். வேலைவாய்ப்பு முகாமில் பணி ஆணை கிடைப்பது எளிது. அதற்குப் பிறகு வேலையில் நிலைப்பதுதான் கடினம். மேற்பார்வையாளர் மெஷின் இரைச்சலில் கத்திச் சொல்லும் மாற்றம் காது கேளாதவருக்கு எட்டாது. அறிவுசார் குறைபாடுள்ளவரை அடிக்கடி மேசை மாற்றினால் பழகிய வரிசை கலைந்துவிடும். பழி அவர்மேல் விழும். அவரும் நின்றுவிடுவார், நிர்வாகமும் அடுத்தவரைச் சேர்க்கத் தயங்கும்.

முதலில் வேலையில் சேர்த்து, பிறகு அங்கேயே பழக்குவதுதான் இதற்கு வழி. ஆள் சேருமுன்பே பயிற்றுநர் தொழிற்சாலைக்குப் போய் வேலையைப் படிப்படியாகப் பிரிக்க வேண்டும். காலணி பேக்கிங் என்றால் இடது, வலது ஒரே அளவா என்று பார்ப்பது, உள்ளே தாள் திணிப்பது, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது, சுற்றிப் பெட்டியில் வைப்பது, பெட்டி ஸ்டிக்கரைக் காலணியின் எண்ணோடு ஒப்பிடுவது. கைகள் வேகம் பிடித்ததும் தவறுவது இந்தக் கடைசிப் படிதான். அளவுக்கொரு நிறத்தில் தட்டும், மேசைமேல் ஒரு மாதிரி ஜோடியும், மணியோடு சேர்ந்து எரியும் விளக்கும் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முதலில் ஷிப்ட் முழுக்க உடனிருக்கும் பயிற்றுநர், பிழை குறையக் குறைய விலகலாம். ஆனால் புது மாடல் ஓடும்போதும் மேற்பார்வையாளர் மாறும்போதும் அவர் திரும்ப வந்தாக வேண்டும்.

இதில் முதலாளிக்கு வரும் லாபம் கண்ணால் பார்க்கக் கூடியது. அப்பர் (காலணியின் மேல்பகுதி) தைப்பவர் பண்டல் எடுக்கவும் நூல் பிசிறு வெட்டவும் ஜோடி எண்ணவும் எழும்போதெல்லாம் அவருடைய மெஷின் நிற்கிறது. இந்தச் சில்லறை வேலைகளைத் திரட்டி ஒருவருக்கு முழு வேலையாகக் கொடுத்தால் தையல் தடையின்றி ஓடும். பழகிய ஆள் நிலைத்தால் புதியவரைப் பழக்கும் செலவும், அதுவரை வீணாகும் தோலும் மிச்சம். படம் போட்ட வேலை அட்டைகள் வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் உதவும். குறைந்த கூலிக்கு ஆள் தேடும் நிர்வாகத்தை மட்டும் தயவுசெய்து இதில் சேர்க்க வேண்டாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 35, தனியார் நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீதம் பணியாளர்கள் மாற்றுத்திறனாளிகளாக இருக்க அரசு ஊக்கத்தொகை போன்ற சலுகைகளை வழங்க வேண்டும் என்கிறது. அதன்படி, வட்டத்துக்குக் குறைந்தது 2 பயிற்றுநர்களை அரசு ஊதியத்தில் அமர்த்தவும், அவர்களில் ஒருவராவது சைகை மொழி அறிந்தவராக இருக்கவும், ஒருவர் சேர்ந்தபின் 6 மாதம் வரை தொடர் கண்காணிப்பு இருக்கவும் ஆணையிட வேண்டுகிறோம்.

2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ராணிப்பேட்டை தனி மாவட்டமாகவும் போய்விட்டன. எங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போவது அங்கேயும்தான். எனவே எல்லை தாண்டியும் பயிற்றுநர் சென்றுவர, அவ்விரு மாவட்ட நிர்வாகங்களோடும் கலந்து பேசி ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
இடம்: வேலூர்