பிடிபடும் பாம்புகளுக்கு நோய்ப் பரிசோதனை உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பாம்புக் குட்டிகள் விமான நிலையத்தில் பிடிபட்டன என்ற செய்தி நம் ஊருக்குப் பழகிவிட்டது. 2023 ஜனவரியில் சென்னையில் கேட்பாரற்றுக் கிடந்த இரண்டு பைகளில் 45 பால் பைத்தான்கள் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) இருந்தன, பாங்காக்குக்கே திருப்பி அனுப்பினார்கள். எத்தனை பாம்பு, எந்த விமானம், யார் கொண்டுவந்தது என்று எல்லாம் எழுதுகிறீர்கள். அவற்றுக்கு நோய் இருந்ததா என்று நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை.

நான் சூடுபட்டவன், அதனால் கேட்கிறேன். லண்டனில் வேலை பார்த்தபோது ஒரு பால் பைத்தான் வளர்த்தேன் (அங்கே ராயல் பைத்தான் என்பார்கள், வளர்க்க உரிமம் தேவையில்லை). ஆறு வருஷம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஆசைப்பட்டு இன்னொன்று வாங்கினேன், பளபளவென்று இருந்தது, பழைய பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன், ஒரே இடுக்கியில் இரண்டுக்கும் எலி கொடுத்தேன். இரண்டு வாரத்தில் தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள், எல்லாம் செத்த உண்ணிகள். அதை ஒழித்துவிட்டு நிம்மதியாக இருந்தால், சில மாதத்தில் பழைய பாம்பு தலையைத் தூக்கி வாயைத் திறந்தபடியே மூச்சுவிட ஆரம்பித்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் ‘டிக்’ என்று சத்தம், உதட்டோரம் கோழை. கொரோனாவுக்கு நமக்கு எடுத்தார்களே, அதேபோல் வாயில் பஞ்சுக்குச்சி விட்டுப் பரிசோதித்ததில் நைடோவைரஸ் என்று வந்தது, பாம்பின் மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் தாக்கும் வைரஸ். மலைப்பாம்புகளில் இதைக் கண்டுபிடித்ததே 2014 வாக்கில்தான், வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. பழைய பாம்பு அந்தக் குளிர்காலத்திலேயே செத்துவிட்டது. புதிதாக வந்ததற்கும் அதே வைரஸ் இருந்தது, ஆனால் அது கொடுத்த எலியை எல்லாம் தின்றுகொண்டு ஜம்மென்று இருந்தது! அதுதான் கொண்டுவந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை.

மலைப்பாம்புகளையும், அவற்றைப் போலவே இரையை இறுக்கிக் கொல்லும் போவா பாம்புகளையும் பிடிக்கும் ஐபிடி (இன்க்ளூஷன் பாடி டிசீஸ்) என்ற நோய் இதைவிட மோசம். பாம்பு தின்றதைக் கக்கும், கழுத்தை வளைத்து வானத்தைப் பார்த்தபடி கிடக்கும், புரட்டிப் போட்டால் திரும்பத் தெரியாது. 1970களிலிருந்தே தெரிந்த நோய்தான், காரணம் அரீனாவைரஸ் வகை என்று கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் காட்டியது 2012-இல். மலைப்பாம்பு என்றால் சில வாரங்களிலேயே செத்துவிடும், போவாவோ வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் சுமந்து திரியும்.

இப்போது அந்தப் பைகளை நினைத்துப் பாருங்கள். எங்கெங்கிருந்தோ வந்த குட்டிகளைத் துணிப்பையில் கட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒன்றுக்கு இருப்பது மற்றதுக்கும் வர அது போதாதா? பிடிபடாமல் உள்ளே வருவதை வாங்குகிறவரிடம் எந்தத் தாளும் இருக்காது, மருத்துவரிடம் கொண்டுபோகவும் பயப்படுவார். சாகக் கிடக்கும்போது ஏதாவது புதரில் விட்டுவிட்டால்? ஃபுளோரிடாவில் ஆசிய மலைப்பாம்புகளோடு போன நுரையீரல் ஒட்டுண்ணி அந்த ஊர்ப் பாம்புகளுக்கும் பரவிவிட்டது. நம் காட்டிலும் மலைப்பாம்பு இருக்கிறது.

முறைப்படி பதிவு செய்து வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புதுப் பாம்பைக் குறைந்தது மூன்று மாதம் வேறு அறையில் வையுங்கள், இடுக்கி, கிண்ணம் எல்லாம் தனி, பழையதைக் கவனித்துவிட்டுக் கடைசியாகப் புதியதிடம் போங்கள். நான் சோம்பேறித்தனப்பட்டது இதற்குத்தான்.

அடுத்த முறை பாம்பு பிடிபட்டால், திருப்பி அனுப்பும்வரை எங்கே வைத்திருந்தார்கள், பக்கத்தில் வேறு பாம்புகள் இருந்தனவா, பரிசோதனை நடந்ததா என்று உங்கள் நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குரோம்பேட்டை