ஜூனோ வாங்க முன்னம்

பாரிஸ்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்ததா என்று எழுது.

80களின் சின்தசைசர் சத்தத்தில் புதுப் பாட்டுகள் செய்து அதையே தொழிலாக்கப் போகிறேன், முதலில் காசு சேர்த்து ஒரு ரோலண்ட் ஜூனோ-106 வாங்கப் போகிறேன் என்று சொன்னாய். நல்ல தொழில்தான். இந்த ஊரில் அதில் சீவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஜூனோவை இப்போது வாங்காதே. போனில் சொன்னால் அரைகுறையாய்ப் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

அது 1984இல் வந்த மெஷின். ஒரே நேரத்தில் ஆறு குரல், அதாவது ஆறு சுரம் ஒலிக்கும். ஒவ்வொரு குரலுக்கும் 80017ஏ என்று ஒரு சிப். அதன் மேல் பூசிய எபொக்ஸி காலம் போகப் போகக் கெட்டு, உள்ளே மின்கசிவு தொடங்கும். பிறகு ஒரு குரல் ஊமையாகும், இல்லாவிட்டால் விரலை எடுத்த பிறகும் கரகரவென்று நிற்கும். விற்கிறவர் வீட்டுக்குப் போனால் 'கீ டிரான்ஸ்போஸ்' பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பவரைப் போட வேண்டும். சோதனை முறை திறக்கும். கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்த, எந்தக் குரல் ஒலிக்கிறது என்று திரையில் எண் வரும். கெட்ட சிப்பைக் கழற்றி அசிற்றோனில் ஓரிரு நாள் ஊறவைத்துப் பூச்சை உரித்தால் பல சிப்புகள் மறுபடி வேலை செய்யும். மற்றவற்றுக்குப் புதிதாகச் செய்யும் மாற்றுச் சிப் கிடைக்கிறது. ஒன்று போனால் மற்ற ஐந்துக்கும் அதே வயதுதான், ஆறையும் ஒரேயடியாகப் பார்ப்பது புத்தி. யப்பானிலிருந்து மலிவாக வருவது 100 வோல்ட்டுக்குச் செய்தது. அதை நம் ஊர் 230இல் நேரே செருகினால் பவர் சப்ளை எரிந்துவிடும்.

உன்னிடம் இருக்கும் லேப்டொப் போதும். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7இன் சத்தத்துக்கு டெக்ஸ்ட் (Dexed) என்ற மென்பொருள் இலவசம். பழைய டிஎக்ஸ்7 ஒலிக் கோப்புகளையே அது திறக்கும்.

ஜூனோ மாதிரி சத்தம் செய்ய வெளிக்கிடுகிறவர்கள் அதிகம் பிழைவிடும் இடம் ஒன்று உண்டு. அகலமாகக் கேட்க வேண்டும் என்று இரண்டு மூன்று ஒசிலேட்டரை (அலையைப் பிறப்பிக்கும் பகுதியை) சுருதி விலக்கி அடுக்குவார்கள். அந்த மெஷினில் குரலுக்கு ஒரே ஒசிலேட்டர்தான், அதுவும் டிஜிட்டல் கட்டுப்பாட்டில் சுருதி விலகாமல் நிற்பது. அகலம் முழுவதும் கோரஸ் பொத்தானில் இருக்கிறது. ஒரு சா-டூத் (வாள்பல் வடிவ) அலை, அடியில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் சப்-ஒசிலேட்டர், கோரஸ் 1. அந்தப் பேட் (பின்னணியில் நீளமாக நிற்கும் சத்தம்) அவ்வளவுதான். செய்து முடித்ததும் மோனோவில் ஒருமுறை கேள். மெலிந்து போனால் கோரஸைக் குறை.

பேஸுக்குக் கணக்குப் போட்டே ஆக வேண்டும். வேகம் 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 அடி) என்றால் ஒரு பதினாறாம் பங்கு சுரத்துக்கு 150 மில்லிசெக்கன். பில்டர் என்வலப்பின் டிகே, அதாவது திறந்த சத்தம் தேய்ந்து மூடும் நேரம், அதற்குள், 120 அளவில் முடிய வேண்டும், அதன் பிறகு நிற்கும் அளவான சஸ்டெய்ன் பூச்சியம். 200 வைத்தால் ஒரு சுரத்தின் வால் அடுத்ததன் தலையில் ஏறி, ஓட்டம் சேறாகிவிடும். ஸ்னேர் டிரம்முக்கு இரண்டு செக்கன் நீளமான ஹோல் ரிவேர்ப் (மண்டப எதிரொலி) போட்டு, அதன் பிறகு சத்தத்தைத் திறந்து அடைக்கும் கேட் என்ற கருவியை வை. கேட்டைத் திறக்கும் சிக்னல் ரிவேர்ப் போடாத ஸ்னேரிலிருந்து வர வேண்டும். ரிவேர்பின் வாலையே கேட்டுக்குக் கொடுத்தால் மூடும் நேரத்தில் திக்கித் திக்கித் திறக்கும். ஹோல்ட் 250 மில்லிசெக்கன், ரிலீஸ் 20. பெரிய மண்டபம் திறந்து சட்டென்று கதவடைக்கிற அந்தச் சத்தம் இதுதான். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்ஜம் 1980 வாக்கில் பதிவுசெய்த டிரம்மிலிருந்து பரவியது.

இளையராஜாவின் 80களின் நடுப்பகுதிப் பாட்டுகளில் ஊறிய காது உனக்கு. டிரம் மெஷினும் சின்த் பேஸும் புதிதில்லை. ஆனால் அவற்றிலிருந்து இரண்டு செக்கன்கூட வெட்டிப் போடாதே. ஒலிப்பதிவுக்கு ஒருவரிடமும் இசையமைப்புக்கு இன்னொருவரிடமும் அனுமதி வேண்டும். அந்த இரண்டும் கையில் இல்லாத பாட்டை எந்தப் படக் கம்பனியும் தொடாது. இந்தத் தொழிலில் கணிசமான காசு வருவதோ படத்திலிருந்தும் விளம்பரத்திலிருந்தும்தான்.

இதே 80கள் சத்தத்தில் பாட்டுச் செய்யும் இங்கத்தைய கவின்ஸ்கியைப் பார். முதல் ஈபி (சில பாட்டு மட்டும் உள்ள சிறு அல்பம்) 2006இல். 'நைட்கால்' 2010இல். டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இரட்டையரில் ஒருவரான கி-மானுவெல் அதன் தயாரிப்பில் சேர்ந்தார். மறு ஆண்டு ஹொலிவூட் படமொன்றின் தொடக்க எழுத்துகளுக்கு அது போனது, உலகம் முழுக்கத் தெரிந்தது. முதல் முழு அல்பம் 2013, அடுத்தது 2022. 2024 ஓகஸ்டில் ஒலிம்பிக் நிறைவு விழாவில் ஸ்ரட் டு பிரான்ஸ் மைதானத்தில் அதே பாட்டை மேடையேற்றினார். பதினாலு வருடமாய் ஒரு பாட்டு உழைக்கிறது. வருடத்துக்கு ஒரு அல்பம் என்று அவசரப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஸ்ட்ரீமிங்கை நம்பாதே. ஸ்பொட்டிஃபையில் 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்குச் சதமும் இல்லை. கலைஞர்கள் நேரே விற்கும் பாண்ட்காம்ப் தளத்தில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதம், கசெட், ரீஷேர்ட் போன்ற சாமான்களுக்கு 10 சதவீதம் வெட்டுவார்கள். பணம் அனுப்பும் செலவு தனி. காசு பேபாலுக்குத்தான் வரும். அங்கே அதில் பெற வழி இருக்கிறதா என்று முதலிலேயே விசாரி.

இங்கே பெரிய ஸ்டூடியோக்களில் இருந்து வேலை செய்கிறார்கள் என்று நினைக்காதே. பத்துப் பன்னிரண்டு சதுர மீற்றர் அறை, கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை. இரவு 10 மணி தாண்டிச் சத்தம் போட்டால் அயலவர் பொலிஸைக் கூப்பிடலாம், தண்டமும் கட்ட வேண்டிவரும். ஆகையால் இரவு வேலை எல்லாம் ஹெட்போனில். அதில் அடிச்சத்தத்தின் அளவு சரியாகப் பிடிபடாது, காலையில் ஸ்பீக்கரில் திருத்துவார்கள். பிகால் பக்கம் ரூ து துவே தெருவில் வாத்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலிலிருந்து நடந்தே போகலாம். ஜூன் 21 அன்று தெருவெல்லாம் இசை நாள், 1982இலிருந்து நடக்கிறது. சம்பளம் இல்லை, ஆனால் புது ஆளுக்கு ஆட்கள் முன்னால் வாசிக்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

வாடகைக்குக் காசு தருவது மேடைதான். இங்கே கலைஞர்கள் பன்னிரண்டு மாதத்தில் 507 மணித்தியால வேலை காட்டினால், வேலை இல்லாத நாட்களுக்கு அரசின் கொடுப்பனவு கிடைக்கும். ஒரு நிகழ்ச்சிச் சம்பளம் 12 மணித்தியாலமாகக் கணக்கு, ஆக 43 நிகழ்ச்சி வேண்டும். முறையான சம்பளச் சீட்டு இல்லாமல் கையில் வாங்கிய காசு இந்தக் கணக்கில் வராது. பாட்டுக்கு வரும் உரிமைத் தொகையும் இதில் சேராது. மேடைக்குப் பழைய மெஷினை யாரும் தூக்கிப் போவதில்லை. லேப்டொப், ஓடியோ இன்ரபேஸ், சின்னக் கீபோட், சிக்னலை மேடை மிக்ஸருக்கு ஏற்ப மாற்றும் இரண்டு டிஐ பெட்டி. ஹம் என்ற உறுமல் வந்தால் டிஐயில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தட்டுவார்கள்.

பாட்டின் உரிமைத் தொகையைச் சேர்த்துக் கொடுக்க இங்கே சசெம், 1851இலிருந்து இருக்கிற சங்கம். பாட்டு வெளிவர முன்னமே பதிய வேண்டும். சேர்ந்து செய்தவர்களின் பங்கு சதவீதத்தை எழுதி ஒப்பமிட்ட பிறகுதான் பதிவு. பாடகி வந்து ஒரு வரி மாற்றினாலும் அன்றைக்கே பங்கைப் பேசி எழுது. பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு பேசினால் நட்பும் போகும், படத்துக்குக் கொடுக்கும் வாய்ப்பும் போகும்.

வினைல் போடுகிற எண்ணம் வந்தால் பக்கத்துக்கு 20 நிமிடத்தைத் தாண்டாதே, சத்தம் குறைந்துவிடும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஊசி துள்ளும்.

அடுத்த முறை எம்பி3 அனுப்பாதே. 24 பிட் வேவ் கோப்பாக ஸ்னேர், பேஸ், பேட் மூன்றையும் தனித்தனியாக அனுப்பு, வேகத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுது. யாராவது ஊருக்கு வந்தால் நல்ல ஹெட்போன் ஒன்று கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா