நோட்டரி முத்திரை விவாகரத்து ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

விவாகரத்துச் சட்டம் பற்றிப் போன வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கொடுமை, கைவிட்டுப் போனது, பரஸ்பர சம்மதம் என்று காரணங்களை எல்லாம் விளக்கியிருந்தார்கள். நல்லதுதான். ஆனால் அது கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கான கட்டுரை. எங்கள் பக்கத்தில் கோர்ட் வாசலையே மிதிக்காமல் "அத்து வுட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்களில் சிலர் கேட்பது இது: "அக்கா, ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டோம்னு ஒரு பாண்டு பேப்பர்ல அடிச்சுக் குடுங்க." இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, நகையையும் சீர்ப் பாத்திரத்தையும் திருப்பிக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் வாங்கிவிட்டால் கல்யாணம் முடிந்துவிட்டதாக நம்புகிறார்கள். முடியவில்லை. கையெழுத்துப் போட்டவர் இவர்தான் என்பதற்கு மேல் நோட்டரி எதற்கும் பொறுப்பில்லை. போலீஸ் ஸ்டேஷனில் "இனி ஒருத்தரை ஒருத்தர் தொந்தரவு பண்ண மாட்டோம்" என்று எழுதிக் கொடுத்ததும் அப்படித்தான்.

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி கோர்ட் டிகிரி, அதாவது தீர்ப்பாணை, வந்தால்தான் விவாகரத்து. "ஐயரா வந்து பண்ணி வெச்சாரு? சீர்திருத்தக் கல்யாணம்தானே!" என்று கேட்பவர்கள் உண்டு. மாலை மாற்றிச் செய்த கல்யாணமும் முழுக்கச் செல்லும் என்று அண்ணா முதல்வராக இருந்த 1967-இல் அந்தச் சட்டத்தில் கொண்டுவந்த 7ஏ பிரிவு சொல்கிறது. செல்லும் கல்யாணத்தைக் கலைக்கவும் அதே கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். "எங்க ஜனத்துல இது வழக்கம்" என்பது இன்னொரு பதில். அதற்கு 29-ஆம் பிரிவில் இடமிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கம் தலைமுறை தலைமுறையாக விடாமல் நடந்துவருகிறது என்று நிரூபிக்கும் பாரம் அதைச் சொல்பவர் தலையில். நாலு பெரியவர்கள் வந்து ஆமாம் என்றால் மட்டும் போதாது.

பேப்பரை நம்பி மறு கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான் வினையே ஆரம்பிக்கிறது. சட்டத்தின் கண்ணில் முதல் கல்யாணம் உயிரோடு இருப்பதால் இரண்டாவது செல்லாது. முதல் துணை புகார் கொடுத்தால் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 494 என்று சொன்ன பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 82. ஏழு வருஷம் வரை தண்டனை. ஆண் பெண் இருவருக்கும் ஒரே சட்டம். அந்த ஆள் இறந்துபோனால் வாரிசுச் சான்றிதழுக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் இரண்டு பெண்கள் மனு போடுவார்கள்; தாலுகா ஆபீஸில் கோர்ட்டுக்குப் போங்கள் என்பார்கள். இரண்டாவதாக வந்து இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு மனைவி என்ற உரிமை இல்லை. அவள் பிள்ளைகளுக்கு மட்டும் இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அப்பாவின் சொத்தில் உரிமை தருகிறது.

அந்தப் பேப்பரில் பெண்ணிடம் எழுதி வாங்கும் வரிகள்தான் எனக்கு ஆத்திரம். "இனிமேல் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்." யாரோ பழைய மாதிரியைப் பார்த்து அப்படியே அடித்துவிடுகிறார்கள். அவள் கையெழுத்தே போட்டிருந்தாலும் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவை அவளால் விட்டுக்கொடுக்க முடியாது. அது பிள்ளைகளின் உரிமை. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதையும் பிள்ளையின் நன்மையைப் பார்த்து கோர்ட்தான் முடிவு செய்யும், பத்திரம் அல்ல.

இத்தனைக்கும், இப்படிப் பிரிந்தவர்களில் பலருக்குச் சரியான வழி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இருவருக்கும் சம்மதம் இருந்து, ஒரு வருஷம் பிரிந்திருந்தால் அதே சட்டத்தின் 13பி பிரிவில், அதாவது எல்லாரும் சொல்கிற 'மியூச்சுவல்' முறையில், மனு போடலாம். பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்றும் கோர்ட் விட்டுவிடலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிந்திருப்பது என்றால் வேறு வேறு வீடு என்றும் அர்த்தமில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அது பிரிவுதான் என்று 1991-லேயே அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரே அறை கொண்ட குடிசை மாற்று வாரிய வீட்டில் இருப்பவர்களுக்கு இது யாரும் சொல்லாத செய்தி. பழைய பாண்டு பேப்பரும் வீணில்லை. எப்போதிலிருந்து பிரிந்திருக்கிறோம் என்று காட்ட உதவலாம்.

வக்கீல் பீஸுக்குப் பயந்தே பலர் போவதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில், பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஆண்களிலும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். குடும்ப நல நீதிமன்றமும் தொலைவில்லை, உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி, அதற்கு அடுத்த ஸ்டேஷன்.

ராயபுரம் கிறிஸ்தவர்களுக்கும் மண்ணடி முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு. அதைத் தெரிந்தவர்கள் எழுத வேண்டும். குலா, அதாவது மனைவி கேட்டு வாங்கும் விவாகரத்து, கேட்கும் பெண் ஜமாத் சான்றிதழோடு நிற்கக் கூடாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னதையாவது போடுங்கள்.

கட்டுரையின் அடுத்த பகுதி ஜீவனாம்சம் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். ஊரே '125 கேஸ்' என்று சொல்வது 2024 ஜூலையிலிருந்து, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவு. அதில் இரண்டு விஷயங்களை விட்டுவிடாதீர்கள். "எனக்குத் தினக்கூலிதான், மாசம் இவ்வளவுன்னு கணக்கில்ல" என்று தப்பிக்கிற ஆளும் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் எழுதிப் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. இன்னொன்று, உத்தரவு வாங்கியும் பணம் வராவிட்டால், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் அது கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். "குடுத்துடுவாரு, பொறுத்துப் பாக்கலாம்" என்று அதைத் தாண்டிவிட்டால் அந்தப் பாக்கிக்கு இந்தப் பிரிவில் வாரண்ட் கேட்க முடியாது. இதைப் பெரிய எழுத்தில் போட்டால் வெட்டி என் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடை நடத்தும் வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.