18 அடி

காலடிப்பேட்டை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகள் வேலை கிடைத்ததும் விடுதியில் தங்கிக்கொள்கிறேன் என்கிறாள், மூளை முடக்குவாதம் உள்ள பெண்ணை எப்படித் தனியே விடுவது, அடிவயிறு கலங்குகிறது என்று எழுதியிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் தம்பியின் ஞாபகமே வந்தது. அவன் கதையையே எழுதிவிடுகிறேன்.

முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு ஆறு வருடம் எங்கள் வீட்டில்தான் இருந்தான். நானும் அம்மாவும் குறையில்லாமல் பார்த்துக்கொண்டதாகத்தான் நம்பியிருந்தேன். சென்ற தை மாதம், "எனக்குத் தனியாக ஒரு வீடு பார் அக்கா" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் பொறுமையாகச் சொன்னான்: "எட்டு மணிக்கு என்னைப் படுக்க வைக்கிறாய். எனக்குத் தூக்கம் வருவது பன்னிரண்டுக்கு. தினமும் நாலு மணி நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்." அன்றிரவு எனக்கும் தூக்கம் வரவில்லை.

சக்கர நாற்காலி என்றதும் மூன்று வீட்டுக்காரர்கள் கையை விரித்தார்கள். நாலாவதாகக் கிடைத்த வீடு எங்கள் பக்கத்துச் சந்தில். நம் பக்கத்து வாசல்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? ரோடு போடப்போட உயரும், மழைத் தண்ணீருக்குப் பயந்து வாசலையும் உயர்த்துவார்கள். அந்த வாசல் ஒன்றரை அடி. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருந்தால்தான் சாய்தளத்தில் சக்கரத்தைக் கையால் தள்ளி ஏற முடியும். செங்குத்தாகப் போட்டால் நாற்காலி பின்பக்கம் கவிழ்ந்துவிடும். அப்படியானால் 18 அடி. சந்தின் அகலமே ஆறடிதான். சுவரையொட்டி நீளவாக்கில் போடலாம் என்றார் கொத்தனார். ஆனால் அடுத்த வீட்டுப் படியை இடிக்க வேண்டும். அங்கே இருப்பவர் காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து வந்து விற்கும் அக்கா. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இடித்துவிட்டு என் வாசலுக்கும் சேர்த்துப் போடு, முட்டி வலியோடு எத்தனை நாள் அந்தப் படியில் ஏறுவது?" என்றார். இப்போது அவருடைய மீன் கூடையும் அந்தச் சரிவு வழியாகத்தான் இறங்குகிறது.

காலையில் குளிக்க வைக்க ஒருவர் ஒரு மணி நேரம் வருகிறார். அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அவர் சம்பளத்தில் மீதியை செல்போன் பழுது பார்த்துத் தம்பியே கொடுக்கிறான். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்வதும் அவன்தான். எதிர்வீட்டுப் பையன் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைக்கிறான், பதிலுக்குக் கணக்குப் பாடம் கற்றுக்கொள்கிறான்.

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தாராம், தம்பிதான் சொன்னான். 14 வயதில் போலியோ தாக்கிக் கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எல்லாமே செயலற்றுப் போனவர். இவரால் வேலை செய்ய முடியாது என்று ஒதுக்கிய கலிபோர்னியா மறுவாழ்வுத் துறைக்கே 1975-ல் இயக்குநரானார். எல்லாவற்றையும் தன் கையால் செய்வதா சுதந்திரம், என் வாழ்க்கை எப்படி நடக்க வேண்டும் என்று நான் தீர்மானிப்பதுதான் சுதந்திரம் என்பது அவர் வழி வந்தவர்களின் வாதம். எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2006-ம் வருட ஐ.நா. உடன்படிக்கையின் 19-வது பிரிவில் இருக்கிறது. 2007-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. உன் மகள் கேட்பதும் அதைத்தானே?

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. மெட்ரோ நிலையத்தில் லிப்ட் இருக்கிறது, ஆனால் அதுவரை போக ஒழுங்கான நடைபாதை இல்லை. பெருமழை வந்தால் என்ன செய்வது என்று சந்தில் எல்லோரும் சேர்ந்து பேசி, அவனைத் தூக்க நாலு பேரை முடிவு செய்திருக்கிறோம். அவன் வீட்டுச் சாவி ஒன்று மீன்கார அக்காவிடம் இருக்கிறது. என்னிடம் இல்லை. அவரிடம் கொடுத்தது அவன்தான். முதல் வாரம் அது எனக்கு வலித்தது.

பொங்கல் விடுமுறையில் மகளை அழைத்துக்கொண்டு வா. அவளும் தம்பியும் பேசிக்கொண்டிருக்கட்டும். நாம் இருவரும் திருவொற்றியூர் தேரடி வரை நடந்துவிட்டு, இருட்டிய பிறகு திரும்புவோம்.

உன் பிரியமுள்ள தோழி