எழுதியதைச் செய்து காட்டணும்

ராணிப்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பின பயோடேட்டாவைப் பிரிண்ட் எடுத்து, கையில் பேனாவோடு படித்தேன். மூன்று பக்கம். இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டாலும் உனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ‘கடின உழைப்பாளி’, பொழுதுபோக்கு, மதம், அப்பா என்ற இடத்தில் என் பெயர், என் வேலை, கடைசியில் ‘மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்’ எல்லாம் போகட்டும். லேபுக்கு ஆள் எடுக்கிறவர் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தப் பெண்ணைத் திங்கட்கிழமை மேஜை முன்னால் நிறுத்தினால் எந்த டெஸ்ட்டைத் தானே செய்வாள்? அதற்கான பதில் முதல் பக்கத்தின் மேல் பாதியில் இருக்கணும்.

‘வாட்டர் அனாலிசிஸ் தெரியும்’ என்று எழுதியிருக்கிறாய். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நீ இப்படி எழுது: சிஓடி (கழிவை ரசாயனத்தால் ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவையான ஆக்சிஜன்) - டைக்ரோமேட்டோடு கொதிக்கவைக்கும் ரீஃப்ளக்ஸ் முறை; பிஓடி (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) - 27 டிகிரியில் 3 நாள்; டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு), குளோரைடு, பிஹெச், ஒவ்வொன்றும் எத்தனை சாம்பிள். எண்ணிக்கையை ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எண்ணி எடு, குத்துமதிப்பாகப் போடாதே. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை நீயே ஓட்டினாயா, வேறு யாரோ ஓட்டும்போது பக்கத்தில் நின்றாயா? நின்று பார்த்ததை ‘பார்த்திருக்கிறேன்’ என்றே எழுது. ஏனென்றால் எழுதின ஒவ்வொரு வரியையும் தொட்டு, ‘எங்கே, சொல்லும்மா பார்க்கலாம்’ என்பார்கள்.

நம் ஊர்ப் பக்கம் என்ன கேட்பார்கள் என்று சொல்கிறேன். சிஓடி டெஸ்ட்டில் மெர்க்குரிக் சல்பேட் எதற்கு? புத்தகப் பதில், குளோரைடைக் கட்டிப் போட. அதோடு நிறுத்தினால் பாதி மார்க்தான். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரில் இறங்கும். அதனால் தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீரில் குளோரைடு ரொம்ப அதிகம். அதையும் டைக்ரோமேட் ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டால் சிஓடி பொய்யாக ஏறிக் காட்டும். இதைச் சேர்த்துச் சொன்னால்தான் நீ ராணிப்பேட்டைக்காரி என்று ஒத்துக்கொள்வார்கள். அடுத்த கேள்வி: ரீஃப்ளக்ஸ் வைத்த இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கரைசல் பச்சையாகிவிட்டால்? டைக்ரோமேட் தீர்ந்துபோச்சு என்று அர்த்தம். சாம்பிளை நீர்க்கச் செய்து மறுபடி வைக்கணும். டைட்ரேஷன் முடிவில் நீலப்பச்சை செம்பழுப்பாக மாறும் இடத்தையும் வாயால் சொல்லிப் பழகு.

ஆறு, ஏரியில் விடும் தண்ணீருக்கு சிஓடி லிட்டருக்கு 250 மில்லிகிராம், பிஓடி 30 என்பது பொதுவான வரம்பு. தோலில் குரோமியம்-VI என்ற நச்சு வகை, ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கானால் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில், தோல் ஷாப்கள் கழிவுநீரைச் சுத்திகரித்தே ஆகணும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் ஒருமுறை படித்து வை. இந்த ஊரில் கெமிஸ்ட்டுக்கு வேலை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே பயோடேட்டாவை நூறு இடத்துக்குத் தட்டிவிடாதே. வாரத்துக்குப் பத்து போதும். தோல் ஷாப் லேப், தோல் ரசாயனம் செய்யும் கம்பெனி, பொதுச் சுத்திகரிப்பு நிலையம், தனியார் டெஸ்டிங் லேப் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மேல் பாதியை மாற்று. தேதி, கம்பெனி, யாருக்கு அனுப்பினாய், எந்தப் பிரதி என்று ஒரு நோட்டில் எழுது. ஏழு நாளில் பதில் இல்லையென்றால் ஒரு போன். அதற்கு மேல் துரத்தாதே. அப்ரென்டிஸ் அறிவிப்பு வந்தாலும் போடு. ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகணும் என்று சட்டம் சொல்லவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதே.

இனிஷியல் விஷயம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் என் பெயர் விரிவாக ஒட்டின ஒரு பெயர், பேங்க்கில் இனிஷியலே இல்லாமல் ஒன்று. வேலையில் சேர்ந்த அன்றைக்கு பிஎஃப் கணக்கு ஆதாரை வைத்துத்தான் திறப்பார்கள். பெயர் ஒட்டவில்லை என்றால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். இப்போது சும்மா இருக்கும்போதே பான், பேங்க் இரண்டையும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து சரிபார். ஃபாரத்தில் ‘லாஸ்ட் நேம்’ கட்டம் வந்தால் என் பெயரை முழுசாகப் போடு. ஒரு இடத்தில் அப்படி, ஒரு இடத்தில் வெறும் ‘கே’ என்று போடாதே.

சம்பளம். வருஷத்துக்கு 3 லட்சம் சிடிசி (உனக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 25,000 என்று கணக்குப் போடுவாய். பேசிக் 12,500 என்று வை. கம்பெனி கட்டும் பிஎஃப் 1,500, கிராஜுவிட்டி (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம் 601, இரண்டையும் அந்த 25,000-க்குள்ளேயே காட்டுவார்கள். உன் பங்கு பிஎஃப் இன்னொரு 1,500. மிச்சம் 21,399, அதிலும் தொழில் வரி போகும். ‘வேரியபிள்’ என்று, நிச்சயமில்லாமல் கூடக்குறையக் கிடைக்கும் ஒரு தொகை இருந்தால் அதையும் முதலில் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கு. அதனால் ‘டேக் ஹோம் எவ்வளவு சார்’ என்று நேராகக் கேள். தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ரெஜிஸ்ட்ரேஷன், டிரெயினிங் டெபாசிட் என்று யாராவது பணம் கேட்டால் அது வேலை இல்லை. அவசரத்தில் கட்டிவிட்டாலும் மறைக்காதே, உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் போடு. தாமதமானால் பணம் கை மாறிப் போய்விடும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காட்டு, திரும்ப வாங்கிக்கொள். ‘எங்களிடமே இருக்கட்டும்’ என்றால் எழுந்து வந்துவிடு, பஸ் காசு நான் தருகிறேன்.

சிப்காட் தொழிற்பேட்டை இன்டர்வியூவுக்கு முந்தின நாளே வந்துவிடு. முத்துக்கடையில் இறங்கிப் போன் பண்ணு, வண்டியோடு வருகிறேன். ரெக்கார்டு நோட்டு மூன்றையும் கொண்டு வா. அது இல்லாமல் அந்த மேல் பாதியை நிரப்ப முடியாது.

அப்பா