மெழுகுவர்த்திக்குப் பின்னால் ஒரு பயம்

ஆசிரியருக்கு,

பியானோ கலைஞர் லிபராச்சியின் ரகசியக் காதலைச் சொல்லும் 'பிஹைண்ட் தி கேண்டலாப்ரா' (2013) படத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். இயக்கம் ஸ்டீவன் சோடர்பெர்க். மைக்கேல் டக்ளஸ் லிபராச்சியாகவே மாறியிருக்கிறார். பளபளக்கும் உடைகளை விட அந்த மனிதரின் பயம்தான் என்னை உலுக்கியது.

தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று ஜாடையாக எழுதிய லண்டன் நாளேட்டின் மீது வழக்குப் போட்டு, 'நான் அப்படியில்லை' என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, 1959-ல் 8,000 பவுண்டு இழப்பீடு வென்றவர் அவர். அப்புறம் எப்படி ஸ்காட் தார்சனுடன் வெளிப்படையாக வாழ முடியும்? ஊருக்கு ஸ்காட் கார் ஓட்டுநர், வீட்டுக்குள் துணைவர். 1982-ல் ஸ்காட் ஜீவனாம்சம் கேட்டபோதும் லிபராச்சி உறவை மறுத்தார். 1987-ல் அவர் எய்ட்ஸால் இறந்ததைக்கூட மறைக்கப் பார்த்தார்கள்; உடற்கூறாய்வில்தான் வெளிவந்தது.

இந்தப் படத்தைத் தயாரிக்கவே ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தயங்கின. கடைசியில் எச்பிஓ எடுத்தது. அமெரிக்காவில் தொலைக்காட்சியில்தான் வந்தது. எனக்கு அது பெரிய வருத்தம். உங்கள் சினிமா பக்கத்தில் இந்தப் படத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், திருச்சி